கொக்கி சொன்ன கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் தம்பி மகன் டூவீலரிலிருந்து விழுந்தது பலருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் "கீழே விழுந்துட்டான் சார்" என்று மட்டும் சொன்னோம். கையில் சிராய்ப்புக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வயிற்று வலி, முகமெல்லாம் வெளுத்துவிட்டது. திரும்ப ஓடினோம். அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஹேண்டில்பார் வயித்துல குத்துச்சா?" குத்தியிருந்தது. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வரலாறு நடத்தியவனுக்கு அந்தப் புத்தி போகாது அல்லவா!

1917. முதல் உலகப்போர். டெக்சாஸில் விமானப் பயிற்சியில் இருந்த ஹ்யூ டிஹேவன் என்ற அமெரிக்க இளைஞர், நடுவானில் வேறொரு விமானத்துடன் மோதி விழுந்தார். பிழைத்தார். ஆனால் கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் சிதைந்திருந்தன. பிழைத்தது அதிர்ஷ்டம் என்று அவர் விட்டுவிடவில்லை. குறிப்பாக இந்த உறுப்புகள் ஏன் அடிபட்டன என்று யோசித்தார். இடுப்பு பெல்ட்டின் கூரான கொக்கிதான் காரணம் என்று கண்டுகொண்டார். அவர் மருத்துவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

1942இல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எதன்மேல் விழுந்தார்கள், உடம்பின் எந்தப் பக்கம் மோதியது என்பதே ஆராய்ச்சி. பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் விமான விபத்துகளையும், 1950களில் கார் விபத்துகளையும் ஆராய்ந்தார்கள். போலீஸ் வண்டியைக் குறித்துக்கொள்ளும், டாக்டர் காயத்தைக் குறித்துக்கொள்வார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

1962இல் காரெட், பிரான்ஸ்டீன் இருவரும் "சீட் பெல்ட் நோய்க்குறி" என்று ஒன்றை எழுதினார்கள். பெரும்பாலும் இடுப்பு பெல்ட்டே இருந்த காலம் அது. வயிற்றின் குறுக்கே பெல்ட் பட்ட தடம் தெரிந்தால், உள்ளே குடலும் கீழ் முதுகெலும்பும் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். (இதைச் சாக்காக வைத்து யாராவது பெல்ட் போடாமல் போனால் பழைய பிரம்பை எடுப்பேன்.)

எனவே டாக்டரிடம் சொல்லுங்கள்: எந்த வேகம், ஹெல்மெட் இருந்ததா, தூக்கி எறியப்பட்டாரா, ஸ்டீயரிங் வளைந்ததா, கூட வந்தவர் இறந்துவிட்டாரா. முடிந்தால் வண்டியை செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். அன்று நாங்கள் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

பையன் இப்போது கஞ்சி குடிக்கிறான். வண்டிச் சாவி தம்பியின் பீரோவுக்குள் இருக்கிறது.