சைலன்சர் வழியே போகும் காசு

இன்ஜினியரிங் படித்தபோது லேபில் ‘ஹீட் பேலன்ஸ் ஷீட்’ என்றொரு பரிசோதனை இருந்தது. இன்ஜினுக்கு ஊற்றிய டீசலின் வெப்பம் எங்கெங்கே போனது என்று கணக்கெழுத வேண்டும். எங்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடும் புகையோடும் போயிருந்தது. “அப்போ நூறு ரூபா டீசல்ல முப்பது ரூபா சைலன்சர் வழியா சும்மா போகுதாடா?” என்றான் நண்பன். சிரித்துவிட்டு ரெக்கார்டை முடித்துக் கொடுத்தோம்.

அந்தப் புகையை விட மனமில்லாதவர் ஆல்ஃப்ரெட் பியூகி, சுவிட்சர்லாந்து இன்ஜினியர். 1905இல், 26 வயதில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெளியேறும் புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். இன்று டர்போசார்ஜர் என்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால், அந்தச் சூட்டில் அவ்வளவு வேகமாகச் சுழன்றும் தாங்கும் உலோகம் அன்று இல்லை. நல்ல கம்ப்ரஸரும் இல்லை. 20 வருடம் விடாமல் மெனக்கெட்டார். 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜின்கள், அவருடைய முறையால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு ஏறின.

காருக்கு இன்னும் தாமதம். பியூகி 1959இல் இறந்தார். டர்போவோடு கார்கள் விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவில். அவற்றில் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இன்ஜின் ‘நாக்’ அடிக்காமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் ஊற்றவில்லை. 1963ஓடு ஜெட்ஃபயர் நின்றது.

2014இல் ஃபார்முலா ஒன் கார்கள் இன்னொரு படி ஏறின. டர்போவின் தண்டிலேயே ஒரு மின் மோட்டாரைப் பொருத்தி, புகையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் 2026 விதிகளில் அதை நீக்கிவிட்டார்கள். செலவும் சிக்கலும் அதிகம்.

இப்போது என் பிழைப்பு சாஃப்ட்வேர். எந்த வரியில் நேரம் வீணாகிறது என்று அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். சரிசெய்ய மாசக்கணக்கில் ஆகும். சிலதை, “இருந்துட்டுப் போகட்டும்” என்று விட்டுவிடுவோம். அப்போதெல்லாம் நண்பனின் கேள்வி ஞாபகம் வருகிறது. போகுதுடா, உண்மைதான். அந்த முப்பது ரூபாயைப் பிடிக்க எவ்வளவு செலவாகும் என்று அன்று நாங்கள் கணக்கெழுதவே இல்லை.