பாரிஸ் ஸ்டைலும் ஒரு மர முட்டையும்

பாரிஸ் பெண்களிடம் பத்தே பத்து உடுப்புதான் இருக்குமாம், அதை வைத்தே அசத்துவாங்களாம். யூடியூபில் 'பிரெஞ்சு ஸ்டைல்' என்று தேடினால் இப்படிச் சொல்லும் வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. ஏதோ ரத்தத்திலேயே ஊறிய ரசனை மாதிரி! எனக்கு இந்த ரத்தக் கதைகள் எப்போதுமே இடிக்கும். தேடிக்கொண்டே போனதில் ரசனைக்கு முன்னால் ஒரு சட்டம் கிடைத்தது.

1882 மார்ச் 28. ஜூல் ஃபெரி கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம். அதன் முதல் பிரிவே பாடங்களின் பட்டியல். அதில் கடைசியாகப் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலை. ஊசி வேலை என்றால் கைக்குட்டையில் பூப்போடுவது மட்டும் இல்லை. 1886இல் தெரேஸ் த தில்மோன் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் கிழிசல் தைப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு.

சாக்ஸில் ஓட்டை விழுந்தால் உள்ளே ஒரு மர முட்டையை வைத்துக்கொள்வார்கள். முதலில் நெடுக்கே இழை ஓட்ட வேண்டும், பிறகு குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழாகப் பின்ன வேண்டும். திரும்பும் இடத்தில் நூலை இழுக்காமல் கொஞ்சம் தொளதொளவென விட வேண்டும், துவைத்தால் நூல் சுருங்கும். சொல்லப்போனால் ஓட்டைக்குள் ஒரு குட்டித் துணியையே நெய்கிறார்கள்.

1940இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1941இல் துணிக்கும் ரேஷன் அட்டை வந்துவிட்டது. தோல் கிடைக்காததால் செருப்புக்கு மரத்தில் அடி போட்டார்கள். அந்தச் சத்தத்தை வைத்து மொரீஸ் ஷெவாலியே ஒரு பாட்டே பாடினார். 1944இல் பாரிஸ் விடுதலையானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கடைசி ரேஷன் சீட்டுகள் ஒழிய 1949 ஆனது. அதுவரை சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைப்பதுதான், அப்பாவின் கோட்டைப் பிரித்துப் பையனுக்கு வெட்டுவதுதான். பெரிய தையல் நிறுவனங்களுக்கே துணிப் பஞ்சம். 1945இல் அவர்கள் தங்கள் புது உடைகளைச் சுமார் 70 செ.மீ. உயரக் கம்பிப் பொம்மைகளுக்குத் தைத்துத்தான் கண்காட்சி வைத்தார்கள்.

1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். ஒரு பாவாடைக்கே மீட்டர் கணக்கில் துணி! பணம் போட்டவர் மார்செல் புஸ்ஸாக், பருத்தித் துணி ஆலை அதிபர். துணி நிறைய விற்றால் அவருக்குக் கசக்குமா என்ன? அதே வருடம் மொன்மார்த்ரில் டியோர் உடையணிந்த ஒரு மாடல்மேல் பெண்கள் பாய்ந்து அதைக் கிழிக்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

டியோருக்கு அவர் பிறந்த கிரான்வில்லில் அருங்காட்சியகம் இருக்கிறது. மாலை முழுக்க மர முட்டையும் ஊசியுமாக உட்கார்ந்த பெண்களுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் இழுத்துப் பிடித்த சிக்கனத்துக்குத்தான் பின்னாளில் 'ஸ்டைல்' என்று பெயர் வைத்தோம் என்பது என் எண்ணம்.

2023 நவம்பரிலிருந்து பிரான்சில் துணியையோ செருப்பையோ பழுதுபார்த்தால் வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி. ஆனால் திட்டத்தில் பதிவுசெய்த கடையில் கொடுத்தால் மட்டும். வீட்டில் உட்கார்ந்து நீங்களே தைத்தால் ஒரு சென்ட் கூடக் கிடையாது.