ஜனவரி வாசகமும் ஜூன் அளவும்: டேவியின் செப்புக் காப்பு பற்றி ஒரு மறுவாசிப்பு

கப்பலின் அடிப்பாகத்தில் வேய்ந்த செப்புத் தகட்டை அரிமானத்திலிருந்து காக்க ஹம்ப்ரி டேவி 1824இல் முன்வைத்த முறை ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு ஆய்வுலகில் ஏறத்தாழ ஒரே விடைதான் வழங்கி வருகிறது. இரும்புக் கட்டிகளைப் பொருத்தியதும் செம்பு கரைவது நின்றது. கரையாத செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டின. கப்பல்களின் வேகம் குறைந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை கட்டிகளைக் கழற்றச் சொன்னது. நிகழ்ச்சி வரிசையில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. அதன்மேல் கட்டப்படும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஆய்வகத்துக் குவளையில் கண்டதை டேவி அப்படியே கடலுக்கு நீட்டினார், உயிர்கள் ஒட்டும் என்பதைக் கப்பல்கள் திரும்பி வந்த பிறகே அறிந்தார் என்பது அந்த முடிவு. அவருடைய மூன்று கட்டுரைகளையும் வந்த வரிசையில் படித்தால் அது நிற்காது என்று கருதுகிறேன்.

முடிவின் வேர் முதல் கட்டுரையில் இருக்கிறது. 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட அக்கட்டுரையில் டேவியின் நம்பிக்கை பொங்கி வழிகிறது. பட்டாணி அளவு துத்தநாகமோ சிறு இரும்பாணியின் முனையோ நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதும் என்கிறார். அதே மூச்சில் கப்பல் அடிப்பாகம் தூய்மையாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார்: எதிர்மின்சாரம் உயிர்களுக்கு உகந்ததாக இருக்க வாய்ப்பில்லை, அது செம்பின்மேல் படியவைக்கும் மக்னீசியா நிலத்துத் தாவரங்களுக்கு நஞ்சு, செம்பின் பளபளப்பும் குலையாது. மூன்றுமே ஊகங்கள், ஒன்றுக்கும் சோதனை ஆதாரம் இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இந்த வாசகத்தைத்தான். எடுத்துக்காட்டுவது நியாயமே. அதையே டேவியின் கோட்பாடாக நிறுத்திவிட்டு மேற்கொண்டு படிக்காமல் விடுவது நியாயமில்லை.

ஏனெனில் அதே ஆண்டு ஜூனில் வாசிக்கப்பட்ட இரண்டாம் கட்டுரை ஜனவரி வாசகத்தை ஏறக்குறைய தலைகீழாகப் புரட்டுகிறது. இடையில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் செப்புத் தகடுகள் பல வாரங்கள் அலைநீரில் கிடந்தன. சிலவற்றுக்குத் துத்தநாகக் காப்பு, சிலவற்றுக்கு வார்ப்பிரும்பு, சிலவற்றுக்குத் தேனிரும்பு. காப்புலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 1/40 முதல் 1/1000 வரை. முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். 1/40 முதல் 1/150 வரை செம்பு எடை இழக்கவில்லை. 1/200க்குக் கீழே போகப் போக இழப்பு கூடியது. இதுவரை ஜனவரிக் கணிப்பு மெய்ப்பட்டதாகவே தோன்றும். ஆனால் எடைக் கணக்கோடு டேவி நிறுத்தவில்லை. காப்புலோகம் 1/35 முதல் 1/80 வரை இருந்த செம்பின்மேல் சுண்ணாம்பு, மக்னீசியம் கார்பனேட்டுகளாலான வெண்படிவு உருவானதையும் அதன்மேல் பாசியும் சிற்றுயிர்களும் சேர்ந்ததையும் பதிவுசெய்கிறார். 1/150க்குக் கீழே அப்படி எதுவும் நிகழவில்லை. செம்பு சற்றே கரைந்தது, பரப்பு தூய்மையாக இருந்தது. காப்பின் எல்லையை இது காட்டுகிறது, ஆகவே அதிகக் காப்பைவிடக் குறைந்த காப்பே நடைமுறையில் நல்லது என்கிறார்.

உயிர்களுக்கு நஞ்சாக இருக்கும் என்று ஜனவரியில் நம்பிய அதே மக்னீசியப் படிவு, ஜூனில் உயிர்கள் குடியேறும் தளமாகிவிட்டது. இரும்புக் கட்டிகள் பொருத்தி அனுப்பப்பட்ட சமரங் கப்பல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து திரும்பியது 1825 ஜனவரியில். அதற்கு அரையாண்டுக்கு முன்பே முழுக்காப்பு உயிர்ப்படிவை அழைத்து வரும் என்று அச்சில் சொன்னவரை, கப்பல்கள் திரும்பிய பிறகே பாடம் கற்றவர் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பத்தி அச்சுக்குப் போகும்போது பின்னால் செருகப்பட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். எடைச் சோதனையின் விகிதங்களோடு அது இழையோடிக் கிடக்கிறது. தனியே பிடுங்கி எடுத்தால் அடுத்து வரும் பரிந்துரைக்கு ஆதாரம் இல்லாமல் போகும். இந்த ஐயத்தை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.

கடினமான சான்று மூன்றாம் கட்டுரையில் வருகிறது. 1825இல் வெளியான அதில் சமரங்கின் அடிப்பாகத்தை டேவி விரிவாக வருணிக்கிறார். கொச்சியில் தேக்கால் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய போர்க்கப்பல் அது. செப்புத் தகடும் இந்தியாவிலேயே வேயப்பட்டது. 1824 வசந்தத்தில் போர்ட்ஸ்மத் உலர்துறைக்கு வந்தபோது அடிப்பாகமெங்கும் களிம்பும் பாசியும் கடலுயிர்களும். செம்பின் பரப்பில் ஏறத்தாழ 1/80 அளவுக்கு நான்கு வார்ப்பிரும்புக் கட்டிகளை அணியத்திலும் பின்புறத்திலும் பொருத்தி அனுப்பினார்கள். அது திரும்பியதும், அடிப்பாகம் முழுக்கப் பாசியும் கொட்டலசும் மண்டிக்கிடந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அது முழுப் பொய் என்று டேவி கடுமையாக மறுக்கிறார். நேரில் போய்ப் பார்த்ததாகவும், பின்புறக் கட்டிகளைச் சுற்றிச் சில அடி தூரம் தவிர வேறெங்கும் ஒரு பாசியோ சிப்பியோ இல்லை என்றும் சொல்கிறார்.

குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியாக வரும்போது ஐயம் எழுவது இயல்பு. இந்த வருணனை தன்னைக் காத்துக்கொள்ள எழுதியது, ஆகவே ஒதுக்கத்தக்கது என்ற வாசிப்பு இந்த இயல்பிலிருந்து பிறந்ததே. ஆனால் அவர் எதை ஒப்புக்கொள்கிறார் என்று பாருங்கள். பின்புறக் கட்டிகளைச் சுற்றி இரும்புத்துரு செம்பின்மேல் படிந்திருந்தது. அந்தத் துருவின்மேல் ஒன்றரை, இரண்டு அங்குல நீளத்தில் மயிரிழை போன்ற உயிர்களும் நுண்ணிய கொட்டலசுகளும் இருந்தன. கொட்டலசில் தண்டுள்ள வகையையும் தண்டில்லாத வகையையும் தனித்தனியே இனப்பெயரிட்டுச் சொல்கிறார். மறைக்க நினைப்பவர் கொட்டலசுக்கு இனப்பெயர் எழுதுவாரா? நிற வருணனை இன்னும் முக்கியம். கட்டிகளைச் சுற்றி வெகுதூரம் செம்பு பளபளப்பாக இருந்தது. கப்பலின் நடுப்பகுதி நோக்கிப் போகப் போகப் பச்சை ஏறியது. அந்தப் பச்சைக் களிம்பும் மெல்லிய தூளாகவே இருந்தது, செதிலாகப் பெயரவில்லை. மின்காப்பு கட்டியிலிருந்து விலக விலகத் தேய்வதைக் காட்டும் படம் இது. கால்வனிக் புலத்தின் பரவலை இன்று கணித்து வரைந்தாலும் இதே சாய்வுதான் கிடைக்கும்; 1825இல் அதை இட்டுக்கட்டும் அளவுக்குக் கோட்பாடு யாரிடமும் இல்லை. ஆகவே இச்சாட்சியத்தை அதன் முதன்மையான கூறுகளில் நம்பலாம் என்பது என் துணிபு.

நம்பினால் ஒரு சிக்கல் எழுகிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. ஜூன் அளவுகோலின்படி 1/80 பாசி படியும் எல்லைக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் கிடந்த செம்பில் அந்த விகிதம் வெண்படிவையும் உயிர்களையும் வரவழைத்தது. அதே விகிதம் சமரங்கில், துரு படிந்த சில அடிகளைத் தவிர, ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் உண்மையென்றால், காப்பின் அளவைப் பரப்பு விகிதம் தீர்மானிக்கவில்லை என்று ஆகிறது.

அதைத் தீர்மானிப்பது செம்பின் பரப்புக்கு வந்து சேரும் ஆக்சிஜன். காக்கப்படும் செம்பின்மேல் கரைந்த ஆக்சிஜன் ஒடுக்கப்படுகிறது. இரும்பு தரும் மின்னோட்டம் இதில் செலவாகிறது. கப்பல் ஓடும்போது புது நீர் தொடர்ந்து உரசுவதால் ஆக்சிஜன் வரத்து பெருகும், மின்னோட்டத் தேவையும் பெருகும், இருக்கிற இரும்பு அதற்கு ஈடுகொடுக்காது. செம்பு கொஞ்சம் கரையும். நங்கூரமிட்டு நிற்கும்போது வரத்து குறைந்து, அதே இரும்பு தேவைக்கு மிஞ்சிவிடும். மிஞ்சியதும் செம்பை ஒட்டிய நீரில் காரத்தன்மை ஏறிச் சுண்ணாம்பும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் படியும். படிவு ஆக்சிஜனை மேலும் தடுக்கும். மிகைக்காப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். செம்பின் நச்சுத்திறனோ அது கரைவதில்தான் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் செம்பு கசிந்தால்தான் கொட்டலசு ஒட்டாது என்பது பூச்சுத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். கடலோர எண்ணெய் மேடைகளின் எஃகுத் தூண்களில் செம்பு-நிக்கல் உறை வேயும் பொறியாளர்களுக்கு இது பழகிய செய்தி: எஃகோடு நேரடியாகப் பற்றவைத்த உறையில் உயிர்கள் அதிகம் ஒட்டும், இடையில் மின்கடத்தாப் பொருள் வைத்துப் பிரித்தால் குறையும்.

ஒரு தடையை இங்கே குறிப்பிட வேண்டும். கட்டிகளைச் சுற்றிப் பளபளத்த செம்பு முழுமையாகக் காக்கப்பட்ட செம்பு என்றால், அங்கேதானே உயிர்கள் முதலில் ஒட்டியிருக்க வேண்டும்? பளபளப்பையும் முழுக்காப்பையும் ஒன்றாக்குவதால் எழும் தடை இது. மெல்லக் கரைந்து, கரைந்தது ஓடும் நீரில் உடனே அடித்துச் செல்லப்பட்ட செம்பும் பளபளக்கும். தவிர, விரைந்தோடும் நீரில் கொட்டலசின் இளம்புழுக்கள் எளிதில் பற்றுவதில்லை. இவ்விரண்டில் எது எவ்வளவு பங்காற்றியது என்று சமரங்கின் வருணனையிலிருந்து மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை.

அதே கட்டுரையில் வரும் கார்ன்ப்ரே காசில் இந்த வாசிப்பை உறுதிசெய்கிறது. 650 டன் கப்பல், நான்கு கட்டிகள், விகிதம் 1/104. கல்கத்தா வரை போய்த் திரும்பி, ஓராண்டுக்கு மேல் காப்போடு இருந்து, உலர்துறையில் ஏறியபோது ஒட்டுயிர் எதுவுமின்றி மெருகேற்றியதுபோல் இருந்தது என்கிறார் டேவி. 1/80க்கும் 1/150க்கும் நடுவே ஜூன் கட்டுரை பாசியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்ட இடைவெளிக்குள் விழும் விகிதம் இது. ஓடும் கப்பலில் அந்த இடைவெளி தூய்மைப் பக்கமே சாய்ந்தது.

இயக்கத்தின் பங்கு டேவிக்குத் தெரியாததல்ல. 1824 கோடையில் காமெட் என்ற நீராவிக் கப்பலில் வடகடலைச் சுற்றி வந்து, வேகத்தில் செம்பு எவ்வளவு தேய்கிறது என்று எடைபோட்டுப் பார்த்தவர் அவர். ஆனால் வேகம் செம்பைத் தேய்க்கிறது என்று கண்டவர், நிற்கும் கப்பலுக்கு ஓர் அளவும் ஓடும் கப்பலுக்கு வேறோர் அளவும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேரவில்லை. அவருடைய பிழை எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். உயிர்களை அவர் மறக்கவில்லை. ஒரே பின்னத்தை எல்லா நீருக்கும் பொதுவாக வைத்தார். தளத்தச்சருக்குக் கொடுக்க ஒரு பின்னம் வசதியாக இருந்தது என்பதும் காரணமாகலாம்.

இந்த வெளிச்சத்தில் கடற்படைத் தலைமையின் ஆணைகள் வேறுமாதிரித் தெரிகின்றன. 1825இல் கட்டிகளைக் கழற்றச் சொன்னது கடலோடும் கப்பல்களிலிருந்து. துறையில் கட்டிக்கிடந்த கப்பல்களில் அவை தொடர்ந்தன. நிற்கும் கப்பலில் பாசி பிடித்தால் வேகம் கெடப்போவதில்லை, செம்பாவது மிஞ்சும் என்ற கணக்கு நிர்வாகத்துக்குப் பொருத்தமானதே. வேதியியல்படி அது நேரெதிர்: மிகைக்காப்பு உருவாகும் இடத்தில் இரும்பை வைத்துக்கொண்டு, அது அடங்கியிருக்கும் இடத்தில் எடுத்துவிட்டார்கள். நின்ற கப்பல்களில் படிவு மண்டி, 1828இல் அங்கிருந்தும் கட்டிகள் நீக்கப்பட்டன. அந்த இரண்டாம் ஆணையை முறையின் முழுத் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவோர், அது எந்தக் கப்பல்களைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். சமரங், கார்ன்ப்ரே காசில் இரண்டுமே ஜூன் முடிவு வாசிக்கப்படுமுன் இரும்பு பூட்டப்பட்டவை. அவை சுமந்து சென்றது ஜனவரி நம்பிக்கையின் அளவை. சிறிய அளவே நல்லது என்ற ஜூன் பரிந்துரைப்படி 1/150க்குக் குறைந்த இரும்போடு கடலோடிய கப்பல் ஒன்றும் மூன்றாம் கட்டுரையின் இவ்விரு சான்றுகளில் இல்லை.