தூண்டிற்கோலும் நீரும்: திருவனந்தபுரத்தின் எழுதப்படாத வரலாறு

வீட்டில் செய்த பழைய தூண்டிற்கோலைப் பற்றிய ஏக்கம், பெரும்பாலும் மறைந்துபோன ஒரு கைவினையைப் பற்றிய ஏக்கமாகவே எழுதப்படுகிறது. திருவனந்தபுரத்தை முன்வைத்து நோக்கினால், இழக்கப்பட்டது கோல் மட்டுமன்று என்பது தெரியவரும்.

தூண்டிற்கோலுக்கு இரு வரலாறுகள் உண்டு. ஒன்று, ஆவணங்களில் நிலைபெற்றது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். அக்காலத்தில் ‘கல்கத்தா கேன்’ என்ற பெயரில் ஏற்றுமதியான இந்திய மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டியே மேலைநாட்டார் உயர்தரக் கோல்களைச் செய்தனர். பின்னர்ச் சீனத்தின் டோங்கின் மூங்கில் அவ்விடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடியிழை வந்தது. ஆங்கிலத்தில் ‘கேன்’ என்ற ஒரு சொல் மூங்கிலையும் பிரம்பையும் சேர்த்தே குறிக்கும். தமிழோ உள்ளீடற்ற புல்லினமாகிய மூங்கிலையும், உள்ளீடுடைய பனையினக் கொடியாகிய பிரம்பையும் பிரித்தே வழங்குகிறது.

இவ்வேறுபாடு மிகப் பழமையானது. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கிற்கோலில் நாண் கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரை கோத்து மீன் பிடிக்கிறான். இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், கரையோரப் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. ஒரே காட்சியில் மூங்கில் கருவியாகவும் பிரம்பு நீர்க்கரைத் தாவரமாகவும் நிற்கின்றன.

இந்தப் பாண்மகனின் வழிவந்ததே இரண்டாம் வரலாறு. அதற்கு நூலும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. கைக்கெட்டிய மூங்கிலையோ ஈற்றையையோ வெட்டி நிழலில் உலர்த்தி, நூல் கட்டி, தக்கை கோத்து, மண்புழுவை இரையாக்கினால் கோல் ஆயத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈற்றைக்குத் தாவரவியலார் இட்ட ‘ஒக்லாண்ட்ரா திராவன்கோரிகா’ என்னும் பெயரில் திருவிதாங்கூர் இருக்கிறது. அதை ஏந்தி நீர்க்கரையில் அமர்ந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

புதிய பொருள்கள் இக்கோலை அழித்துவிடவில்லை. 1952இல் ஒப்பந்தமாகிக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தின் காலம் முதல் நைலான் கேரளக் கரையோரத்தில் பரவியது. பருத்தி நூலின் இடத்தில் நைலான் நரம்பு வந்தது. கோல் மூங்கிலாகவே நீடித்தது.

மாறியது நீர். அரசப் பிரதிநிதி கௌரி பார்வதி பாய் (1815–1829) காலத்தில் வெட்டப்பட்டு அவர் பெயரையே தாங்கிய பார்வதி புத்தனாறு, படகுப் போக்குவரத்து ஓய்ந்தபின் நகரக் கழிவு சேரும் கால்வாயானது. வெள்ளாயணிக் காயல் பரப்பில் சுருங்கியது. நகரின் நடுவே ஓடி ஆக்குளம் காயலைச் சேரும் ஆமையிழஞ்சான் தோட்டின் பெயரில் ஆமை இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நீரிலோ நெகிழிக் குப்பை மிதக்கிறது. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டி அக்குப்பையை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். இரண்டு நாள்களுக்குப் பிறகே அவர் உடல் கிடைத்தது.

ஆகவே தூண்டிற்கோலின் வரலாற்றைத் தேடும் மாணவர் அருங்காட்சியகப் பேழையோடு நின்றுவிடலாகாது. கால்வாய்ப் பதிவுகள், நில அளவை வரைபடங்கள், கரையோர முதியோரின் நினைவுகள் ஆகியவற்றினூடே, எந்தெந்த நீரில் எந்த ஆண்டுவரை மீன் பிடித்து உண்ண முடிந்தது என்று கேட்க வேண்டும். கோலை இன்றும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். அதை நம்பி இறக்கத்தக்க நீரே நகரத்தில் அரிதாகிவிட்டது.