கணக்குக் காட்டாதவன் பெயர் ஓலை ஏறாது: உத்தரமேரூரில் பணிச் சோதனையின் வளர்ச்சி

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் குடவோலைத் தேர்தலுக்கான சான்றாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளன. பொறுப்பில் அமர்ந்தவரின் பணியைச் சபை எவ்வாறு சோதித்தது என்பதற்கும் அவை அரிய சான்று. 1904-05 ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெங்கையா அவற்றை வெளியிட்டார். ஆயினும் இன்றுவரை நிலைத்திருக்கும் விளக்கம் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியுடையது. அந்த விளக்கத்தின் ஒரு பகுதியை இக்கட்டுரை மறுக்கிறது.

திறமை மிக்க அதிகாரவர்க்கமும் விழிப்பான ஊர்ச் சபைகளும் இணைந்து இயங்கியதால் சோழர் நிர்வாகம் திறத்திலும் தூய்மையிலும் மிக உயர்ந்த நிலையை எட்டியது என்பது சாஸ்திரியின் முடிவு. சபையின் கணக்கு விதிகளும் அரசு அதிகாரிகளின் கோயில் விசாரணைகளும் இந்த ஒரே சித்திரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 1980-இல் பர்ட்டன் ஸ்டைன் இதற்கு நேர்மாறாக, மைய அரசின் கையே ஊர்களில் வலுவாக இல்லை என்றார். ஸ்டைனை ஏற்காமலேயே சாஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: ஊர்ச் சபையின் சோதனையும் அரசின் சோதனையும் ஒரே முறையின் இரு கைகள் என்பதற்குக் கல்லில் சான்று எங்கே?

முதலில் இரண்டு கல்வெட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சபையின் பணிக்குழுவான வாரியத்துக்கு வருபவரின் வயதை 30-க்கும் 60-க்கும் இடையில் வைக்கிறது. 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை 35-க்கும் 70-க்கும் இடையில் என மாற்றுகிறது. இதைப் பலரும் சுட்டியுள்ளனர். இதைவிட முக்கியமானது உறவினரை விலக்கும் விதியில் நேர்ந்த மாற்றம். 12-ஆம் ஆண்டில் வாரியம் செய்து ஓய்ந்த பெருமக்களின் நெருங்கிய உறவினர் எவருக்கும் குடவோலையில் இடமில்லை. ஓய்ந்தவர் ஒழுங்காகப் பணி செய்தாரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. 14-ஆம் ஆண்டில் விலக்கு, வாரியம் செய்தும் கணக்குக் காட்டாதவர் மீதும் அவருடைய உறவினர் மீதும் விழுகிறது. சித்தி, பெரியம்மை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. உறவு பார்த்து விலக்கிய விதி, இரண்டு ஆட்சியாண்டு இடைவெளியில், நடத்தை பார்த்து விலக்கும் விதியாகிவிட்டது.

இதை நுணுக்கமான சட்டத் திருத்தம் என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது போதாது. கணக்குக் காட்டாதவரைக் கட்டாயப்படுத்தச் சபையிடம் வேறு வலுவான கருவி இருந்திருந்தால் அவருடைய மாமன் மகனைத் தண்டிக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. குற்றம் கண்டபோதே வாரியத்தாரை நீக்கலாம் என்று 14-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஆனால் 360 நாள் பதவிக்காலம் முடிந்து இறங்கிவிட்டவரை நீக்க முடியாது. அவரைப் பிடிக்கக்கூடிய ஒரே இடம் அவருடைய குடும்பத்தின் எதிர்காலம்தான். சாஸ்திரி தூய்மையைக் கண்ட இடத்தில் நான் காண்பது, கணக்கு வராமல் நின்றுபோன ஒரு நெருக்கடியை.

14-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் இறுதியில், கணக்கு எழுதுவோர் பற்றிய பகுதி இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. நேர்மையாகப் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். பெருமக்கள் முன் கணக்கைக் காட்டி, குற்றமற்றவன் என்று அவர்கள் ஏற்ற பின்னரே அவன் மறுபடி அப்பணியில் சேரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் இடையில் புகுந்து அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி ஏன் வந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. என் ஊகம் இது: பின்வந்த கணக்கன் முன்னவனின் ஓலைகளைத் தானே முடித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்க வேண்டும். அப்படி முடித்த கணக்கில் குறை யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த ஓட்டையைத்தான் விதி அடைக்கிறது. சான்று மெலிதுதான், ஆனால் நடக்காத ஒன்றை இத்தனை திட்டமாகத் தடுக்கும் வேலையைச் சபை செய்திருக்காது.

இவ்விதிகளை வகுத்த இரண்டு சபைக் கூட்டங்களிலும் அரசனின் ஆள் உடனிருந்தார். 12-ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்தவேளானும், 14-ஆம் ஆண்டில் சோமாசிப்பெருமானும் பெயரோடு குறிக்கப்படுகிறார்கள். ஆனால் கணக்கு அவர்களிடம் போவதில்லை. ஊர்ப் பெருமக்களிடமே முடிகிறது. அரசாணை விதியை வகுக்கத் துணைநின்றது. சோதனை ஊருக்குள்ளேயே நடந்தது.

இதன் பக்கத்தில், அரசின் சோதனையைக் காட்டும், 10-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த திருவல்லம் கோயில் கல்வெட்டை வைத்துப் பார்க்க வேண்டும். உத்தம சோழனின் மகன் எனக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன் அக்கோயிலுக்கு வருகிறார். இறைவனுக்குப் படைக்கும் அமுது இருநாழி அரிசியாகச் சுருங்கியிருப்பதையும், கறியும் நெய்யும் தயிரும் இல்லாததையும், நந்தாவிளக்குகள் கவனிப்பாரற்றுப் போனதையும் காண்கிறார். அதன் பிறகே சிவபிராமணரையும் சபையாரையும் அழைத்து வரவுசெலவைச் சொல்லச் சொல்கிறார். உத்தரமேரூரில் சோதனை ஏட்டில் தொடங்கி ஏட்டிலேயே முடிகிறது. ஏரி தூர்வாரப்பட்டதா, தோட்டம் பயிரானதா என்று அவ்விதிகள் கேட்கவில்லை. திருவல்லத்தில் முதலில் விளைவு பார்க்கப்படுகிறது, ஏடு பின்னர் வருகிறது. ஒன்று பொறுப்பைச் சோதிக்கிறது, மற்றது பயனைச் சோதிக்கிறது. சாஸ்திரி ஒன்றாக்கிய இரண்டையும் பிரித்துப் படித்தால்தான் சோழர் கால மதிப்பீட்டின் வளர்ச்சி தெளிவாகும்.

காலக் கணிப்பில் ஓர் எச்சரிக்கை தேவை. பராந்தகன் 907-இல் பட்டமேறினான் என்ற கணக்கில் இவ்விரு கல்வெட்டுகளும் 919, 921 என்று வழக்கமாகக் குறிக்கப்படுகின்றன. பட்டமேறிய ஆண்டையும் சேர்த்து எண்ணினால் அவை ஓராண்டு முன்னே நகரும். என் வாதம் இடைவெளியை மட்டுமே சார்ந்திருப்பதால் இச்சிக்கலை இங்கே தீர்க்க முயலவில்லை. ஊரின் சோதனையும் அரசின் சோதனையும் பின்னாளில் ஒரே முறையாக இணைந்தனவா என்பதும் திறந்த கேள்வியே. உத்தரமேரூரையும் திருவல்லத்தையும் மட்டும் கொண்டு இணைந்தன என்று எழுதுவது சான்றை மீறுவதாகும்.