ஒரு பிஸ்கட்டின் பிறப்புச் சான்று

1878இல் ஜப்பானில் அச்சான 'மோஷியோகுசா கின்செய் கிதான்' என்ற கதைநூலில் ஒரு படம் இருக்கிறது. சென்பெய் என்னும் மொறுமொறு பிஸ்கட் சுடும் கடை. கரி நெருப்பின் மேல் நீண்ட பிடி போட்ட வட்ட இரும்பு அச்சுகள் வரிசையாகக் கிடக்க, ஒருவர் அவற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவர் சுடும் பண்டத்தின் பெயர் சுஜியுரா சென்பெய். அமெரிக்கச் சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் பில்லோடு வரும், குறி சொல்லும் சீட்டை உள்ளே வைத்து மடித்த 'ஃபார்ச்சூன் குக்கி' யாருடையது என்ற நெடுநாள் வழக்கில், இதைவிட வலுவான சாட்சியை நான் பார்க்கவில்லை. கலிபோர்னியாவில் அதைக் கண்டுபிடித்ததாகப் பேசப்படுகிறவர்களின் கதைகள் எல்லாமே இந்தப் படத்துக்குப் பிந்தியவை.

படத்தைத் தேடி எடுத்தவர் யசுகோ நகமச்சி. கனகாவா பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறு பயின்றவர். 1980களில் நியூயார்க்கில் இந்தக் குக்கியை முதலில் பார்த்தார். 1990களில் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு அருகே ஒரு குடும்பக் கடையில் அதே வடிவில் பிஸ்கட்டைக் கையால் மடிப்பதைக் கண்டார். அதற்குப் பிறகு டோக்கியோவின் தேசிய நாடாளுமன்ற நூலகத்தில் பல ஆண்டுகள் ஏடு புரட்டினார். அவர் ஜப்பானிலிருந்து போட்ட பாதையில் நான் அமெரிக்கப் பக்கமிருந்து நடந்தேன். எனக்குப் பிடி கொடுத்தது சுவை.

அமெரிக்கக் குக்கியில் இருப்பவை மைதா, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, வெண்ணெய் அல்லது எண்ணெய், வெனிலா. வெனிலா மெக்சிகோவில் தோன்றிய ஆர்க்கிட் கொடியின் காய். வெண்ணெய்க்கும் சீனப் பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பாலும் இடமில்லை. அங்கே பன்றிக் கொழுப்புதான் அந்த வேலையைச் செய்யும். ஆகவே சீனாவிலிருந்து வந்த பண்டம் என்ற நம்பிக்கையை அதன் சேர்மானமே தாங்கவில்லை. கியோட்டோவில் சுடுவது அளவில் பெரியது, நிறத்தில் கருத்தது. எள்ளும் வெள்ளை மிசோவும் சேர்ந்தது. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்த விழுது. கியோட்டோவின் வெள்ளை மிசோவில் அரிசி கூடுதல், உப்பு குறைவு, புளிக்கவைக்கும் காலமும் குறைவு. அதனால் இனிப்பு தூக்கலாக இருக்கும், பலகாரத்துக்குத் தோதுப்படும். சூடான இரும்பு பட்டதும் சீக்கிரம் சிவக்கும். கியோட்டோப் பண்டத்தின் கருநிறத்துக்கு அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சீட்டு வைக்கும் இடமும் வேறு. அமெரிக்காவில் உள்ளே, கியோட்டோவில் வெளி மடிப்பின் இடுக்கில். செய்கிற முறை ஒன்றுதான்: அச்சிலிருந்து எடுத்த சில நொடிகளுக்குள், சர்க்கரை இறுகும் முன் மடித்துவிட வேண்டும். சுஜியுரா என்பது பண்டத்துக்கு முந்திய வழக்கம். அந்தி நேரத்தில் நாற்சந்தியில் நின்று, வழிப்போக்கர் பேச்சில் காதில் விழும் சொல்லை வைத்து வருங்காலம் அறிவார்கள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் விரிச்சி கேட்டு நிற்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் குறி பின்னாளில் சீட்டில் ஏறியது. சீட்டு பலகாரத்தில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய தமெனகா ஷுன்சுயியின் கதையொன்றிலேயே இந்தச் சென்பெய் தலைகாட்டுவதாக நகமச்சி காட்டியிருக்கிறார்.

கலிபோர்னியாவில் உரிமை கோருவோர் பலர். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தை நடத்திய மகோட்டோ ஹகிவரா, லாஸ் ஏஞ்சலிஸில் 1903இல் தொடங்கிய ஃபுகெட்சுடோ கடையின் கிட்டோ குடும்பம், ஹாங்காங் நூடுல் கம்பெனியின் டேவிட் ஜங் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் வரலாற்றுச் சர்ச்சைகளை விசாரிக்கும் ஒரு பாவனை நீதிமன்றம் கூடி, தன் ஊர்க்காரரான ஹகிவராவுக்கே தீர்ப்பளித்தது. அங்கே சாட்சியாக வைக்கப்பட்டவற்றில் பழைய இரும்பு அச்சுகளும் இருந்தன. ஹகிவராவுக்குப் பண்டம் செய்து கொடுத்தது 1906இல் சுயெய்ச்சி ஒகமுரா தொடங்கிய பென்க்யோடோ கடை. மிசோவை எடுத்துவிட்டு, அமெரிக்க நாக்குக்காக வெனிலா சேர்த்தது தங்கள் கடைதான் என்பது அந்தக் குடும்பத்தின் வாய்மொழி வரலாறு. சேர்மானத்தை வைத்துப் பார்த்தால் அது நம்பக்கூடியதே.

பிறகு எப்படி இது சீனப் பண்டமானது? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 'சாப்-சூயி' எனப்பட்ட அமெரிக்கச் சீன உணவகங்கள் பலவற்றை நடத்தியவர்கள் ஜப்பானியர்களே. சீனச் சாப்பாட்டுக்குப் பின்னால் குக்கி வந்து சேர்ந்த முதல் வழி அதுவாக இருந்திருக்கலாம். அடுத்த வழி மிகக் கொடியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். பலகாரக் கடைகள் பூட்டப்பட்டன. தோட்டத்திலேயே குடியிருந்த ஹகிவரா குடும்பம் வெளியேற்றப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து 'ஜப்பானிய' என்ற அடைமொழியை எடுத்து 'ஓரியண்டல்' என்று மாற்றினார்கள். பழைய பெயர் திரும்ப வந்தது 1952இல்தான். ஆவணங்களில் என்னை அதிகம் வருத்தியது இந்தப் பெயர் நீக்கம்.

அந்த இடைவெளியில்தான் சீனக் கடைகள் தயாரிப்பைக் கையில் எடுத்தன என்பது நகமச்சியின் ஊகம். தேதிகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்கும் அதுவே பொருந்துகிறது. போருக்குப் பின் கலிபோர்னியா வழியாக ஊர் திரும்பிய சிப்பாய்கள், தங்கள் ஊர்ச் சீன உணவகங்களிலும் குக்கி கேட்டார்கள். 1950களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 25 கோடி குக்கிகள் தயாரானதாக ஒரு மதிப்பீடு உண்டு. சீன வியாபாரிகளை இதில் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அவர்களுடைய குடியேற்றத்தையே தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943இல்தான் நீக்கப்பட்டது. பிழைக்கக் கிடைத்த தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பென்க்யோடோ 2022 மார்ச்சில் மூடப்பட்டது. ஃபுகெட்சுடோ லாஸ் ஏஞ்சலிஸின் லிட்டில் டோக்கியோவில் தொடர்கிறது. இத்தகைய கடைகள் தலைமுறை தாண்டும்போது முதலில் தொலைவது செய்முறையின் அளவுக் குறிப்புகளும், முகாமுக்குப் போகுமுன் யாரிடம் எதை ஒப்படைத்தார்கள் என்ற பேச்சும்தான். அந்தக் குடும்பங்களின் முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார வேண்டிய வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.