பிளாசுமா உமிழ்வு நிறமாலைமானி வழி நீர்ப் பகுப்பாய்வு

பிளாசுமா உமிழ்வு நிறமாலைமானி என்பது நீரில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள தனிமங்களை, அவை உமிழும் ஒளியைக் கொண்டு இனங்கண்டு அளவிடும் கருவியாகும். குரோமியம், ஈயம், காட்மியம், ஆர்செனிக் முதலிய நச்சுத் தனிமங்களுக்காகக் குடிநீர், ஆற்றுநீர், தொழிற்சாலைக் கழிவுநீர் ஆகியவற்றைச் சோதிக்க இது பரவலாகப் பயன்படுகிறது. ஒரே மாதிரியில் பல தனிமங்களைச் சில நிமிடங்களில் அளக்க முடிவது இதன் சிறப்பாகும். எனினும், இது ஒரு தனிமத்தின் மொத்த அளவை மட்டுமே தரும். அத்தனிமம் எந்த வேதி வடிவில் உள்ளது என்பதைத் தெரிவிக்காது.

வரலாறு

அடுப்புச் சுடரில் உப்பைத் தூவினால் மஞ்சள் ஒளி தோன்றும். அது உப்பிலுள்ள சோடியத்தின் ஒளியாகும். இவ்வாறு ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கே உரிய நிறமாலைக் கோடுகள் உண்டு என்பதைச் செருமானிய அறிவியலாளர்களான பன்சன், கிர்க்காஃப் ஆகியோர் 1860 ஆம் ஆண்டளவில் நிறுவினர். சாதாரணச் சுடரின் வெப்பம் பல தனிமங்களுக்குப் போதாது. 1964 இல் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டு குழுவினரும், 1965 இல் அமெரிக்காவின் அயோவாவில் வென்ட், ஃபாசல் ஆகியோரும் ஆர்கான் பிளாசுமாவைப் பகுப்பாய்விற்குப் பயன்படுத்தினர். 1970களின் நடுப்பகுதியில் வணிகக் கருவிகள் வெளிவந்தன.

செயற்படும் முறை

ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று குவார்ட்சுக் குழாய்களின் வழியே ஆர்கான் வளிமம் செலுத்தப்படுகிறது. குழாயைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் 27 அல்லது 40 மெகாஏர்ட்சு அளவிலான வானொலி அதிர்வெண் மின்னோட்டம் பாய்கிறது. இதனால் ஆர்கான் அயனியாகி, 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமுள்ள பிளாசுமாவாக மாறுகிறது.

நீர் மாதிரி நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டுப் பிளாசுமாவினுள் செல்கிறது. அங்கு நீர் ஆவியாக, சேர்மங்கள் அணுக்களாகப் பிரிந்து கிளர்ச்சியுறுகின்றன. அவை மீண்டும் தாழ்நிலைக்கு வரும்போது உமிழும் ஒளியைக் கீற்றணி அலைநீளவாரியாகப் பிரிக்கிறது. ஒளியின் செறிவு, அளவு தெரிந்த கரைசல்களின் செறிவுடன் ஒப்பிடப்பட்டுத் தனிமத்தின் அளவு கணிக்கப்படுகிறது.

குடிநீர் வரம்புகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமும் (ஐ.எசு. 10500:2012, பிற்காலத் திருத்தங்களுடன்) பொதுவாகப் பயன்படும் அலைநீளங்களும் பின்வருமாறு:

குரோமியம்: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், 267.716 நானோமீட்டர்
ஈயம்: 0.01 மில்லிகிராம், 220.353 நானோமீட்டர்
ஆர்செனிக்: 0.01 மில்லிகிராம், 193.696 நானோமீட்டர்
காட்மியம்: 0.003 மில்லிகிராம், 214.440 நானோமீட்டர்

ஆர்செனிக், ஈயம் ஆகியவற்றின் வரம்புகள் இக்கருவி கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவிற்கு அருகில் உள்ளன. எனவே சோதனை அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றிருப்பது தனிமம் அறவே இல்லை எனப் பொருள்படாது. கண்டறியும் எல்லையையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். 0.001 மில்லிகிராம் வரம்புள்ள பாதரசத்திற்குக் குளிர் ஆவி முறை போன்ற தனி முறைகள் கையாளப்படுகின்றன.

பாலாற்றுப் படுகையும் குரோமியமும்

பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் நகரங்களின் வழியே ஓடி, செய்யூருக்கு வடக்கே வயலூர் அருகில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. தோல் ஆலைக் கழிவுநீரால் இப்படுகையில் ஏற்பட்ட பாதிப்பு குறித்த வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு அறிவித்தது.

தோல் பதனிடுதலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம் ஆகும். குரோமேட்டு வேதிப்பொருள் தொழிற்சாலைகளின் கழிவில் இருப்பதோ, எளிதில் நீரில் கரைவதும் புற்றுநோய் விளைவிப்பதுமான அறுவிணைதிறன் குரோமியம் ஆகும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட அத்தகைய தொழிற்சாலை ஒன்று பெருமளவு கழிவை விட்டுச்சென்றது. பிளாசுமாவில் எல்லாச் சேர்மங்களும் சிதைந்துவிடுவதால், கருவிக்கு இவ்விரு வடிவங்களும் ஒன்றே. இரு கிணறுகளின் குரோமிய அளவு சமமாக இருந்தாலும் அவற்றின் தீங்கு சமமன்று.

மாதிரி எடுத்தல்

மொத்த உலோகங்களை அளப்பதற்கான நீரில், எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்து அதன் காரகாடித்தன்மைச் சுட்டெண் 2 க்குக் கீழ் கொண்டுவரப்படுகிறது. இல்லையெனில் உலோகங்கள் புட்டியின் சுவரில் படிந்து, அளவு குறைவாகத் தோன்றும். ஆனால் அதே அமிலம், நீரில் கரிமப் பொருள் இருந்தால், அறுவிணைதிறன் குரோமியத்தை மூவிணைதிறன் வடிவிற்கு மாற்றிவிடும். ஆகவே அதற்கென அமிலம் சேர்க்காத தனி மாதிரி எடுத்துக் குளிரில் வைக்கப்பட வேண்டும். அது டைபீனைல்கார்பசைடு தரும் செவ்வூதா நிறத்தைக் கொண்டு 540 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது.

உவர்நீரில் அளத்தல்

செய்யூர்ப் பகுதியின் உப்பளங்கள், முதலியார்குப்பம் உப்பங்கழி ஆகியவற்றை ஒத்த இடங்களின் நீர் கூடுதல் இடர்ப்பாடு தருவதாகும். மிகுந்த உப்பு தெளிப்பானை அடைக்கும். சோடியம் பிளாசுமாவின் இயல்பையும் மாற்றும். நீரைப் பத்து மடங்கு நீர்த்தால் உப்பு குறையும்; ஆயின் 0.01 மில்லிகிராம் ஈயமும் 0.001 ஆகக் குறைந்து, கண்டறியும் எல்லைக்குக் கீழே சென்றுவிடும். இதனால் ஒத்த உப்பளவுள்ள ஒப்பீட்டுக் கரைசல்களைப் பயன்படுத்துதல், உப்பை நீக்கி நச்சுத் தனிமங்களை மட்டும் செறிவாக்குதல் ஆகிய வழிகள் பின்பற்றப்படுகின்றன.